ஜம்ப் பெரிதா, இசை பெரிதா? பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங் பற்றி

தொடக்கம்: தக்கலையிலிருந்து ஒரு தம்பி, 29 மார்ச் 2025

"பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங் என்பது ஜம்ப் போட்டிதான். நடுவில் கையை வீசுவதும் முகத்தைத் திருப்புவதும் அடுத்த ஜம்ப்புக்கு மூச்சு வாங்கும் நேரம். அதிகம் சுற்றுகிறவர்தான் பெரிய ஆள். இல்லை என்று சொல்பவர்கள் கணக்கோடு சொல்லுங்கள்."

29 மார்ச் 2025, காலை 10.20

கணக்குதானே தம்பி, தருகிறேன்.

அலிசா லியூ 2019இல் 13 வயதில் அமெரிக்க சாம்பியன். அப்போதே அவரிடம் ட்ரிபிள் ஆக்சல், அதாவது காற்றில் மூன்றரைச் சுற்று சுற்றும் ஜம்ப், இருந்தது. அதே ஆண்டு ஒரு ஜூனியர் போட்டியில் குவாட் லட்ஸும் அடித்தார். லட்ஸ் ஒரு வகை ஜம்ப், குவாட் என்றால் நாலு சுற்று. சர்வதேசப் போட்டியில் அதைச் செய்த முதல் அமெரிக்கப் பெண் அவர்தான். 2022இல் 16 வயதில் போதும் என்று விலகினார். இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தார். இன்று காலை பாஸ்டனில் 222.97 புள்ளிகளோடு உலக சாம்பியன் ஆகிவிட்டார். குவாட் இல்லை, ட்ரிபிள் ஆக்சலும் இல்லை.

இரண்டாவது வந்த சகாமோட்டோ கவோரி 2022, 2023, 2024 என்று தொடர்ந்து மூன்று முறை உலக சாம்பியன். அவரிடமும் இந்த இரண்டு ஜம்ப்பும் கிடையாது. அவருக்கு முன்னால் பெண்களில் தொடர்ந்து மூன்று முறை வென்றவரைத் தேடினால் 1966 முதல் 1968 வரை வென்ற பெகி ஃபிளெமிங்கிடம் போய் நிற்க வேண்டும்.

அதிகம் சுற்றுகிறவர்தான் ஜெயிப்பார் என்றால், 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஒரே ஃப்ரீ ஸ்கேட்டில் (இரண்டாவதாக வரும் நீண்ட ஆட்டம்) ஐந்து குவாட் அடித்த ட்ருசோவாவுக்கு ஏன் வெள்ளி?

29 மார்ச் 2025, மாலை

காலையில் கோபத்தில் எழுதியது. எண்கள் சரி. ஆனால் லியூ ஆடியதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே என்று மத்தியானம் முழுக்க உறுத்தியது.

வடசேரியில் எங்கள் வீட்டில் காலையில் கரண்ட் போய்ப் போய் வந்தது. செல்போனில்தான் பார்த்தேன். டோனா சம்மரின் பாட்டு. மெதுவாக, கிட்டத்தட்ட விருத்தம் போலத் தொடங்கி, திடீரென்று டிஸ்கோவாக வேகமெடுக்கும். நம் ஊர்க் களியல் பார்த்தவர்களுக்கு இந்த இடம் புரியும். விளக்கைச் சுற்றிக் கம்போடு மெதுவாக நடந்துகொண்டே இருப்பார்கள். ஆசான் பாட்டை முடுக்கியதும் அதே கால்கள் வேறு ஆளின் கால்கள் ஆகிவிடும். லியூவின் உடம்பில் அது நடந்தது. வேகம் மாறும்போது முதலில் மாறியது தோள், அப்புறம்தான் கால். அதை நான் மூன்று தடவை திருப்பிப் பார்த்தேன்.

அவருடைய நடன அமைப்பாளர்களில் ஒருவர் மாசிமோ ஸ்காலி. ஐஸ் டான்ஸ் ஆடியவர், 2010 உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கியவர். ஐஸ் டான்ஸில் இந்த மாதிரி ஜம்ப்பே கிடையாது. ஜம்ப் இல்லாத இடத்தில் வளர்ந்த ஒருவருக்கு, இரண்டு ஜம்ப்புக்கு நடுவில் உள்ள நேரம் காலி நேரமாகத் தெரியாது.

30 மார்ச் 2025

மார்த்தாண்டம் அண்ணன் கேட்டது: "இசை, இசை என்கிறாயே, இது விளையாட்டா கச்சேரியா?"

விளையாட்டுதான் அண்ணே. அதனால்தான் அளவு தேவைப்படுகிறது. அந்த அளவே எனக்கு உறுத்துகிறது. ஒரு ட்ரிபிள் லட்ஸின் அடிப்படை மதிப்பு 5.90. குவாட் லட்ஸ் 11.50. பனித்தளத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை பிளேடின் ஒவ்வொரு விளிம்பையும் மாற்றி மாற்றிப் போட்டு ஆடுகிற ஸ்டெப் சீக்வென்ஸ், ஆக உயர்ந்த நிலையில் 3.90. முழுக்க நடனத்துக்காகவே ஒதுக்கிய கோரியோகிராஃபிக் சீக்வென்ஸ் வெறும் 3.00. முக்கால் நொடிகூட நீடிக்காத ஒரு ஜம்ப், அரை நிமிடம் உழைக்கிற ஆட்டத்தைவிட ஒன்றரை மடங்கு, குவாட் என்றால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

இதற்கு மேல் நடுவர்கள் ஒவ்வொன்றின் தரத்துக்கும் கழித்தல் 5 முதல் கூட்டல் 5 வரை போடுவார்கள். ஒரு ஜம்ப்பில் நல்லது என்று பார்க்க ஆறு குணங்கள் இருக்கின்றன: உயரமும் தூரமும், நல்ல எழும்பலும் இறங்கலும், சிரமம் தெரியாமை, முன்னால் வரும் ஸ்டெப், காற்றில் உடம்பின் நிலை, கடைசியாக இசையோடு பொருந்துவது. கூட்டல் 4ஓ 5ஓ வாங்க முதல் மூன்றும் கட்டாயம். இசை கட்டாயம் இல்லை. இருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

ஆகவே தக்கலைத் தம்பி சொன்னதில் உண்மை இருக்கிறது. நேற்று அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

30 மார்ச் 2025, இரவு

திருத்தம். மேலே எழுதியதில் நடன அமைப்புக்கு வேறு மதிப்பே இல்லை என்பது போல ஆகிவிட்டது. அப்படி இல்லை. அமைப்பு, வெளிப்பாடு, ஸ்கேட்டிங் திறன் என்று மூன்று கூறுகளுக்குத் தனி மதிப்பெண் உண்டு. 2022 வரை ஐந்து இருந்தன. இசையைப் புரிந்து ஆடுவது அப்போது தனிக் கூறாக இருந்தது. இப்போது மற்றதற்குள் கரைந்துவிட்டது. அது எனக்கு வருத்தம்.

2 ஏப்ரல் 2025

குளச்சல் அக்கா, யூ நாவையும் மாவோவையும் இழுத்துவிட்டீர்கள், இனி நான் தூங்கின மாதிரிதான்.

2010 வான்கூவர் ஒலிம்பிக். தங்கம் வாங்கிய தென் கொரியாவின் கிம் யூ நா 228.56, வெள்ளி வாங்கிய ஜப்பானின் அசாடா மாவோ 205.50. மாவோ அந்தப் போட்டியில் ஃப்ரீ ஸ்கேட்டில் மட்டும் மூன்று ட்ரிபிள் ஆக்சல் அடித்தார். அத்தனைக்குப் பிறகும் 23 புள்ளி வித்தியாசம். அது அநியாயம் என்கிறீர்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை அக்கா. யூ நா ட்ரிபிள் லட்ஸில் இறங்கிய உடனே ட்ரிபிள் டோ என்ற இன்னொரு ஜம்ப்பும் சேர்த்து அடிக்கும் இணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். லட்ஸ் என்றால் பின்னோக்கி ஒரு பக்கமாக வளைந்து போய்க்கொண்டே எதிர்ப்பக்கம் சுழல வேண்டும். அந்த வளைவைப் பிடித்து வைத்திருக்கும்போது பெரும்பாலானவர்களின் முகத்தில் பயம் தெரியும், கை இறுகும், இசை அங்கேயே நின்றுவிடும். யூ நா அந்த வளைவிலும் ஆடிக்கொண்டிருந்தார். ஷார்ட்டில் (முதலில் வரும் குறுகிய ஆட்டம்) ஜேம்ஸ் பாண்ட் இசைக்குக் கடைசியில் கையைத் துப்பாக்கியாக நீட்டி நிற்பாரே, அந்த நிமிர்வு முதல் ஜம்ப்புக்கு முன்பே தொடங்கிவிட்டது. டேவிட் வில்சன் அமைத்த ஆட்டம். ஜம்ப் எங்கே முடிந்தது, ஆட்டம் எங்கே தொடங்கியது என்று கோடு போட முடியாது.

2 ஏப்ரல் 2025, சற்று நேரம் கழித்து

தவறு என்னுடையது. மாவோவின் மூன்று ட்ரிபிள் ஆக்சலில் ஒன்று ஷார்ட்டில், இரண்டு ஃப்ரீ ஸ்கேட்டில். சுட்டிக்காட்டிய தம்பிக்கு நன்றி.

அப்புறம், ஆக்சல் ஏன் பெரிய விஷயம் என்று கேட்ட பிள்ளைக்கு: ஆறு ஜம்ப்பில் அது ஒன்றுதான் முன்னோக்கி எழும்புவது. இறங்குவது எல்லாமே பின்னோக்கி. அதனால் அரைச் சுற்று கூடுதல். ட்ரிபிள் ஆக்சல் என்றால் மூன்றரைச் சுற்று. பெண்களில் போட்டியில் முதலில் அடித்தவர் இடோ மிடோரி, 1988இல்.

3 ஏப்ரல் 2025

மிடோரி பெயரை எழுதியதும் இன்னொன்று ஞாபகம் வந்தது. 1988 கல்கரி ஒலிம்பிக்கில் எல்லோரும் கார்மென் இசைக்கே ஆடிய இரண்டு பேரை, கத்தரினா விட்டையும் டெபி தாமஸையும், பேசிக்கொண்டிருக்க, மிடோரி ஃப்ரீ ஸ்கேட்டில் ஏழு ட்ரிபிள் அடித்தார். வந்தது ஐந்தாம் இடம். காரணம் கட்டாய உருவங்கள்.

இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். இந்த விளையாட்டுக்கு 'ஃபிகர்' என்ற பெயரே அதிலிருந்து வந்தது. பனியில் பிளேடால் எட்டு, வளையம் என்று வரைய வேண்டும். அதே கோட்டின் மேலேயே மறுபடி மறுபடி போக வேண்டும். நடுவர்கள் குனிந்து கோட்டைப் பார்ப்பார்கள். மார்கழியில் என் அம்மா இழைக்கோலம் போட்டு முடித்ததும் தள்ளி நின்று இழை பிசகி இருக்கிறதா என்று பார்ப்பாள், அந்தப் பார்வை. கல்கரியில் மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம் அதற்கு. 1972 சப்போரோவில் ட்ரிக்ஸி ஷூபா ஃப்ரீ ஸ்கேட்டில் ஏழாவது வந்தும் தங்கம் வாங்கியது இதனால்தான். அழகாக ஆடிய ஜேனட் லின்னுக்கு வெண்கலம். 1990இல் அதை எடுத்துவிட்டார்கள்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், ஜம்ப்புக்காரர்கள்தான் எப்போதும் ஆட்சி செய்தார்கள் என்பது உண்மை இல்லை. மிடோரியின் காலத்தில் ஜம்ப்தான் அநியாயம் செய்யப்பட்ட பக்கம். இதை நினைத்தபோது எனக்கு ஒரு விஷயம் சுட்டது. நாளை எழுதுகிறேன்.

4 ஏப்ரல் 2025

பள்ளிக் காலத்தில் கோட்டாறில் ஒரு டீச்சரிடம் ஒன்பது வருடம் பரதம் படித்தேன். பத்தாம் வகுப்பில் மாவட்ட அளவில் ஒரு போட்டி. யார் நடத்தியது என்பது வேண்டாம். நான் ஆதி தாளத்தில் ஒரு வர்ணத்தின் பகுதி ஆடினேன். ஒவ்வொரு தீர்மானமும், அதாவது அடவுக் கோர்வையின் முடிப்பும், பாட்டு தொடங்கும் எடுப்புக்குச் சரியாக வந்து சேர்ந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக அதற்கு முன்னும் ஆடவில்லை, பின்னும் ஆடவில்லை. அடுத்து வந்த பெண் மேடையில் ஏழெட்டு சுற்று சுற்றினாள், ஒரு காலைத் தலைக்கு மேல் தூக்கினாள், கடைசியில் உயரத் துள்ளி மண்டியில் இறங்கினாள். கைத்தட்டல் அடங்கவில்லை. முதல் பரிசு அவளுக்கு. எனக்கு ஆறுதல் பரிசாக ஒரு எவர்சில்வர் டம்ளர். அது இன்னும் வீட்டில் இருக்கிறது.

முப்பது வருடமாக நான் சொல்லிக்கொண்டு வந்த கதை, அவள் வித்தை காட்டினாள், நான் ஆடினேன் என்பது. நேற்று மிடோரியைப் பற்றி எழுதும்போதுதான் தோன்றியது: அந்தப் பெண் கடைசியில் மண்டியில் இறங்கியது எந்த அடியில்? எனக்கு ஞாபகம் இருக்கிறது. சமத்தில், தாளச் சுற்றின் முதல் அடியில். மிருதங்கத்தின் அடியும் அவள் முட்டி பலகையில் பட்ட சத்தமும் ஒன்றாகக் கேட்டன. அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்தே இருந்தது. அதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

4 ஏப்ரல் 2025, இரவு

இல்லை, குளச்சல் அக்கா, நான் கட்சி மாறவில்லை. கேள்வியை மாற்றிக்கொண்டேன். ஜம்ப்பா இசையா என்பது இல்லை. அந்த ஜம்ப் இசைக்குள் இருக்கிறதா என்பதுதான்.

7 ஏப்ரல் 2025

ஒரு சோதனை செய்தேன். நட்டுவாங்கத்துக்கு வைத்திருக்கும் தட்டுக்கழியையும் பலகையையும் எடுத்து, எனக்கு மிகவும் பிடித்த ஒரு பழைய ஃப்ரீ ஸ்கேட்டைப் போட்டு, இசைக்குத் தாளம் தட்டிக்கொண்டே பார்த்தேன். யாருடையது என்று சொல்லவில்லை, சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். அதன் ஏழு ஜம்ப்பும் தாளத்தில் விழும் என்று சத்தியம் செய்திருப்பேன்.

இரண்டுதான் விழுந்தன.

மற்றவை அடிக்குக் கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால். முதலில் என் கைதான் தவறு என்று நினைத்தேன். மறுபடி தட்டினேன். அதே இரண்டு.

பிறகு கையை நிறுத்திவிட்டு யோசித்தேன். மூன்று சுற்றுச் சுற்றும் ஒருவர் காற்றில் இருப்பது முக்கால் நொடிக்கும் குறைவு. பாட்டு நிமிடத்துக்கு 60 அடி என்ற வேகத்தில் போனால் ஒரு அடிக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு முழு நொடி. எழும்புவதும் அடியில், இறங்குவதும் அடுத்த அடியில் என்பது அங்கே நடக்கவே நடக்காது. அவ்வளவு நேரம் மனுஷி காற்றில் நிற்க மாட்டாள். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நிமிடத்துக்கு 90, 100 அடி போகும் பாட்டில்தான் இரண்டும் கூடி வர இடம் இருக்கிறது. டிஸ்கோவுக்கு 120 பக்கம் போனால் ஒரு அடியில் ஏறி அடுத்த அடியைத் தாண்டித்தான் இறங்க முடியும்.

அப்படியானால் அந்த மற்ற ஐந்தும் இசையில் இருந்ததாக எனக்கு ஏன் தோன்றியது?

8 ஏப்ரல் 2025, அதிகாலை

கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன், அப்புறம் படத்தை மறைத்துவிட்டுக் கேட்டேன். அவர் இறங்கும் கணத்தில் தாளம் இல்லை. இறங்கிய பிறகு ஒரு காலில் பின்னோக்கி வழுக்கிக்கொண்டே மற்றக் காலை நீட்டி, கையைத் திறக்கிறாரே, அந்தக் கை முழுதாக விரியும் இடத்தில் வயலின் உச்சத்தைத் தொடுகிறது. ஜம்ப் சமத்துக்கு முன்னால் முடிந்துவிட்டது. சமத்தில் வந்தது கை.

நம் ஊரில் வில்லுப்பாட்டு கேட்டவர்கள் யோசித்துப் பாருங்கள். வீசுகோல் வில்லில் பட்ட கணத்தோடு சத்தம் முடிவதில்லை. மணிகள் கொஞ்சம் பின்னால் சிணுங்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சிணுக்கத்தின் மேல்தான் புலவர் அடுத்த சொல்லை வைப்பார்.

ஆகவே ஜம்ப் தாளத்தில் விழ வேண்டும் என்று நான் இவ்வளவு நாள் பேசிவந்தது பாதிதான் சரி. இறங்கிய பின் அந்த விளிம்பில் எவ்வளவு நேரம் ஓடுகிறார், இசை அவரைத் தேடி வந்து சேர இடம் விடுகிறாரா என்பதே முக்கியம். சகாமோட்டோவின் டபுள் ஆக்சலை இந்தக் கண்ணோடு பாருங்கள். அடிப்படை மதிப்பு 3.30தான். ஆனால் அந்த வேகத்தில் போய், அவ்வளவு தூரம் பறந்து, இறங்கிய பிறகும் வேகம் குறையாமல் ஓடுவதால், இசையின் அடுத்த சொற்றொடருக்குள் தானாக நுழைந்துவிடுகிறார்.

வேகம் இல்லாதவர்களுக்கு இந்த இடம் கிடைக்காது. இறங்கியதும் நின்றுவிடுவார்கள், மறுபடி தள்ளித் தள்ளி ஓட்டம் சேர்க்க வேண்டும். இசை அதற்குள் போய்விடும்.

8 ஏப்ரல் 2025, மாலை

தக்கலைத் தம்பி, நீ கேட்ட ரஷ்யப் பெண் ஸாகிடோவா விஷயம். 2018 பியாங்சாங் ஒலிம்பிக்கில் அவருடைய ஃப்ரீ ஸ்கேட்டின் முன்பாதியில் ஒரு ஜம்ப்கூட இல்லை, ஏழும் பின்பாதியில். அப்போது பின்பாதி ஜம்ப்புக்கு 10 சதவீதம் கூடுதல். வெள்ளி வாங்கிய மெத்வதேவாவுக்கும் அவருக்கும் ஃப்ரீயில் ஒரே மதிப்பெண், 156.65. ஷார்ட்டில் இருந்த 1.31 வித்தியாசத்தில் தங்கம் ஸாகிடோவாவுக்கு. அதன் பிறகு விதியை மாற்றினார்கள், ஃப்ரீயில் கடைசி மூன்று ஜம்ப்புக்கு மட்டும்தான் இப்போது கூடுதல்.

அந்த ஆட்டத்தை நான் அன்று வெறுத்தேன். வெறும் கணக்கு என்றேன். நேற்று மறுபடி பார்த்தேன். 15 வயதுப் பிள்ளை, களைத்த காலோடு ஒன்றன்பின் ஒன்றாக ஏழு. முன்பாதி இன்னும் எனக்குக் காலியாகத்தான் தெரிகிறது. பின்பாதியில் ஜம்ப்புகளே ஜதி மாதிரி அடுக்கடுக்காக வந்தன. அதைப் போய் இசை இல்லை என்று சொன்னது என் தவறு.

13 ஏப்ரல் 2025

சோச்சியில் மாவோ ஆடிய ஃப்ரீ ஸ்கேட்டைப் பற்றி எழுதச் சொன்னார்கள். 2014 ஒலிம்பிக். ஷார்ட்டில் எல்லாம் தவறிப் போய் 16ஆம் இடம். மறுநாள் ராக்மனினோவ் இசைக்கு ட்ரிபிள் ஆக்சலோடு ஆடி முடித்து, நின்ற இடத்தில் அழுதுவிட்டார். மொத்தத்தில் ஆறாவது இடம். தாளக்கழியை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு அடிகூடத் தட்டவில்லை.

20 ஏப்ரல் 2025

என் சொந்த அக்கா மகளுக்கு ஒன்பது வயது. நாகர்கோவிலில் ரோலர் ஸ்கேட்டிங் வகுப்புக்குப் போகிறாள். நம் மாவட்டத்தில் பனி ஏது, சிமெண்டுத் தளம்தான். நாலு சக்கரத்தில் அரைச் சுற்று ஜம்ப் ஒன்றை இரண்டு வாரமாகப் பழகுகிறாள். முன்னோக்கி எழும்பி பின்னோக்கி இறங்குவது, குட்டி ஆக்சல் மாதிரி. வகுப்பில் பாட்டு கிடையாது, விசில்தான்.

நேற்று மாலை மழை விட்டதும் மொட்டை மாடியைத் துடைத்துவிட்டு, நான் ஓரத்தில் உட்கார்ந்து தட்டுக்கழியால் மெதுவாக ஆதி தாளம் தட்டினேன். "சித்தி, எப்போ குதிக்கணும்?" என்றாள். உனக்குத் தோன்றும்போது குதி, இறங்கின பிறகு கையைத் திற, திறக்கும்போது நான் தட்டுவது உனக்குக் கேட்கணும் என்றேன்.

முதல் தடவை விழுந்தாள். இரண்டாவது தடவை இறங்கினாள், கையைத் திறக்க மறந்துவிட்டாள். ஐந்தாவது தடவை இறங்கி, தடுமாறி, கையைத் திறந்தாள். சரியாக அங்கே என் கழி பலகையில் பட்டது. அவள் அப்படியே பின்னோக்கி ஓடிப்போய்க் கைப்பிடிச் சுவரில் மோதி நின்று, "சித்தி, கேட்டுச்சு" என்றாள்.